பலகைச் சுவருக்கு நான் கொடுத்த பாதுகாப்பு

கவலைப்படுவதற்கு மட்டும் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (தோற்றுவிடுவேனோ என்ற கவலையில் முழுப்பரீட்சைக்கே போகவில்லை.) அப்படிப்பட்டவனிடம் ஒரு வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போனது என் சகலையின் தப்பு. பாதித் தப்பாவது அவனுடையது.

சகலைக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் சூப்பர்வைசர் வேலை. புதிதாகக் கட்டிய வீட்டின் முன்சுவருக்கு டைல்ஸ் ஒட்டாமல் மரப்பலகைகளை வரிசையாக அடித்திருந்தான். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்து பார்த்த எங்கள் மாமனார், "மாப்ளன்னா இவருதான் மாப்ள" என்றார். மூத்த மாப்பிள்ளையான என்னை அவர் கூப்பிடுவது "இன்னாப்பா". பன்னிரண்டு வருடமாக இன்னாப்பாதான்.

கம்பெனி அவனை இரண்டு மாதம் வெளியூருக்கு அனுப்பியது. குடும்பத்தோடு கிளம்பினான். திரும்பியதும் மகளுக்குக் காதுகுத்து, அதே வீட்டு வாசலில். சாவியை என்னிடம் கொடுத்தான்.

"அண்ணே, பேக்டரி தூசி பலகைல படியும். சோப்புத் தண்ணில மெதுவா கழுவி, நல்லா காஞ்சதும், மழைக்கு முன்னாடி இந்த எண்ணெய ஒருவாட்டி துணியால தேய்ச்சிடுங்க. வேற எதுவும் பண்ணாதீங்க."

கழுவினேன். தேய்த்தேன். சுவர் பளபளத்தது. மாமனார் பார்த்தால் நிச்சயம் "மாப்ள" என்பார். அதோடு நிறுத்தியிருந்தால் இன்று நானும் ஒரு மனிதன். குனிந்து பார்த்துத் தொலைத்தேன். பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற சந்து! பின்பக்கம் நெல் வயல். வயலில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும், பாம்பு வந்தால் காதுகுத்துக்கு வரும் பிள்ளைகள்... (இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வேகமாக வரும்.)

பலகை அடித்த ஆசாரிக்குப் போன் போட்டேன்.

"இன்னாத்துக்கு ஆசாரி பின்னாடி சந்து வுட்டுக்கிற?"

"மரம் மூச்சு வுடணும் நைனா. உள்ள பூந்த தண்ணி கீழ எறங்கணும், காத்து மேல போவணும்."

"அறுத்தப்பவே அதுக்கு மூச்சு போயிடுச்சே, இன்னும் எங்கேந்து வுடும்?"

அவர் போனை வைத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து, அன்றே ஒரு சட்டி சிமெண்டு குழைத்து, மேலேயும் கீழேயும் பூசி அடைத்தேன்.

அப்புறம் மழை பிடித்தது, பத்து நாள். பலகை இடுக்குகளில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது. காதுகுத்து அன்று காலையில் போய்ப் பார்த்தால், வாசலுக்கு வலதுபக்கம் ஒரு பலகை பூரி மாதிரி உப்பி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு நின்றது. கையால் அழுத்தினேன், உள்ளே போனது. கையை எடுத்தேன், வெளியே வந்தது. அதற்குள் வேனில் சகலை குடும்பத்தோடு உறவுக்காரர்களும் வந்து இறங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டேன்.

"இன்னாண்ணே, நாஷ்டா துன்னலையா?" என்றான் சகலை.

"பசிக்கல."

"போட்டோவுக்காவது வாங்க."

"இங்கேந்தே தெரிவேன்."

என் மனைவி வந்து முறைத்தாள். "இன்னாய்யா, சுவத்துல ஒட்டுன போஸ்டர் மாதிரி நிக்கிற?"

முதுகு நனைந்துகொண்டிருந்தது. இன்னும் அழுத்திச் சாய்ந்தேன்.

தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, பத்தர் காது குத்தினார். குழந்தை வீறிட்டது. முன்வரிசை நாற்காலியில் பட்டு வேட்டியோடு இருந்த மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இப்டி வாங்க. மூத்தவரு நீங்க, உங்க கையால கொழந்த வாயில சக்கர போடுங்க."

பன்னிரண்டு வருடம்! அதுவும் "வாங்க"! உலகமே மறந்துபோய் இரண்டு அடி முன்னால் வைத்தேன்.

படார்!

ஒரு பலகை அல்ல, மூன்று. பத்து நாள் தண்ணீர் நாற்றத்தோடு பாய்ந்து பட்டு வேட்டியை முழங்கால் வரை நனைத்தது. பாம்பு வரவில்லை. நான் உள்ளே வைத்துப் பூசியிருந்த ஒரு தவளைதான் வந்தது. நேராக மாமனார் மடியில் உட்கார்ந்தது.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. மாமனார் தவளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது?"

மறுவாரம் ஆசாரி வந்து சிமெண்டைப் பெயர்த்து, சந்தின் வாயில் கம்பி வலை வைத்து, பலகைகளைக் காயவைத்து மறுபடி அடித்தார். (பாம்புக்கு வலை போதுமாம். இதை அன்றைக்கே போனில் சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் எனக்கு வேலை கிடையாது. கால் வலித்து எங்காவது சுவரோரம் சாய்ந்தால் போதும், கூட்டத்திலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்:

"தே, யாரும் அவர கூப்டாதீங்க! ஊடு வுழுந்துடும்!"