மாமியார் அறுத்த புல்

சரிவு முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்த எவாசியோ கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

மூன்று நாள் தோரினோ நகரத்தில் ஒயின் கண்காட்சிக்குப் போய்விட்டு, முந்தின ராத்திரிதான் திரும்பியிருந்தான். போகும்போது திராட்சை வரிசைகளுக்கு நடுவே புல் முழங்கால் உயரம் இருந்தது. ஊரார் கண்ணுக்கு அது புதர்க்காடு. எவாசியோவுக்கு அதுதான் கௌரவம். களைக்கொல்லி படாத நிலம் என்பதற்கு அந்தக் களைகளைவிட வேறு சாட்சி யார்? அந்தச் சாட்சியை நம்பித்தான் அவனுடைய பார்பேரா சிவப்பு ஒயின் புட்டியில் இயற்கை விவசாயத்தின் பச்சை இலை முத்திரை இருந்தது. இன்று பத்து மணிக்கு, அதைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் வருவதாக ஏற்பாடு. முத்திரை போனால் மறுபடி வாங்க மூன்று வருஷம் ஆகும்.

மனைவி வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். மாமியார் எர்னெஸ்தீனா மட்டும் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஆள் வச்சு அறுத்தேன் மாப்ளே. வெளி மனுஷர் வர்ற வீடு இப்படியா கிடக்கும்?"

"அறுத்த புல்லு வெயில்ல காஞ்சு போச்சு அத்தை. பாக்கறவன் மருந்தடிச்சுக் கொன்னுட்டோம்னுதான் நினைப்பான்."

பார்க்க லட்சணமாக இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டுவிட்டு அவள் காதில் முத்துத் தோட்டை மாட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் தோடு எதற்கு என்று விசாரிக்க அவனுக்கு நேரமில்லை.

ஆடு மேய்ந்த நிலம் என்று சொல்லிவிட்டால் புல் குட்டையாக இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கும். பள்ளத்தாக்கில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பாக்கிசியோவுக்குப் போன் போட்டான். அந்த சார்தீனியாத் தீவுக்காரன் எட்டரை மணிக்கு நாற்பது ஆடுகளை லாரியிலிருந்து இறக்கினான். தன் அண்ணன் மகள் பின்னாலேயே வந்து பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

ஆடுகள் காய்ந்த புல்லை ஒருமுறை முகர்ந்து பார்த்தன. பிறகு தலையை நிமிர்த்தி, கொடியின் இலைகளைத் தின்ன ஆரம்பித்தன.

கையைத் தட்டிக்கொண்டு ஓடினான். கீழ் வரிசையில், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் குந்தி உட்கார்ந்து புல்லை வேரோடு பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு இலையை மேய, இவள் புல்லைப் பிடுங்குகிறாள். பாக்கிசியோ குடும்பத்துக்கே மூளை கொஞ்சம் கம்மிதான் என்று நினைத்துக்கொண்டு, மாமியார் செய்த கைங்கரியத்தையும் தன் கஷ்டத்தையும் அவளிடம் கொட்டித் தீர்த்தான்.

"அந்த ஆள் கண்ணுல படாம ஆடுங்களை ஓட்டிட்டுப் போயிரும்மா, புண்ணியமாப் போகும்."

"எந்த ஆள்?"

"இன்ஸ்பெக்டர்தான்."

அவள் சட்டைப் பைக்குள் கையை விட்டு, எதையும் எடுக்காமல் வெளியே எடுத்தாள். பிறகு சரி என்று தலையாட்டி, ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு ஆடுகளைத் திரட்டப் போனாள். ஒரு ஆடு கிழக்கே போனால் மூன்று மேற்கே போயின.

மணி ஒன்பதே முக்கால். தண்ணீர் பட்டால் மஞ்சள் கொஞ்சமாவது மங்கும் என்று அடுத்த யோசனை உதித்தது. மருந்து தெளிக்கும் தொட்டியில் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டினான். பழக்க தோஷத்தில் முகமூடியையும் போட்டுக்கொண்டு, காய்ந்த புல்மேல் பீய்ச்ச ஆரம்பித்தான். இரண்டு வரிசைகூட முடியவில்லை.

"பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. சீக்கிரம் வந்துட்டேனோ?"

திரும்பினால் கழுத்துப்பட்டை, பளபளக்கும் ஷூ, கையில் தோல் கோப்போடு ஒரு பெரியவர். எவாசியோ கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றான். வெறும் தண்ணீர்தான் சார் என்று நிரூபிக்க, முகமூடியைக் கழற்றி, குழாயை வாயில் வைத்து இரண்டு மடக்குக் குடித்தும் காட்டினான். போன வாரம் பூஞ்சைக்குத் தெளித்த, இயற்கை விவசாயத்திலும் அனுமதி உள்ள தாமிர மருந்து தொட்டியில் மிச்சமிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. துப்பித் துப்பிக் கொப்பளித்தும் நாக்கும் உதடும் நீலமாகவே நின்றன.

பெரியவரைக் கூடத்தில் உட்கார வைத்தான். அவர் சின்ன நோட்டை எடுத்தார்.

"வயசு எவ்வளவு ஆகுது?"

கொடிகளின் வயசு எவாசியோவுக்கு மனப்பாடம்.

"அறுபத்திரண்டு. மாமனார் இருந்தவரைக்கும் நல்லாப் பராமரிச்சார். அவர் போனப்புறம் எல்லாம் என் பொறுப்புதான்."

"நோய் நொடி?"

"மழை வந்தா கொஞ்சம் பூஞ்சை வரும் சார். கந்தகத் தூள் தூவினா அடங்கிடும்."

பெரியவரின் பேனா கொஞ்சம் தயங்கி மேலே போனது. "சுபாவம்?" என்று கேட்டார்.

ஒயினைத்தானே கேட்கிறார் என்று எவாசியோ உற்சாகமானான்.

"முதல்ல கொஞ்சம் கரகரப்பாத்தான் தெரியும். ஒரு மணி நேரம் காத்தாட விட்டுப் பாருங்க, அப்படியே இளகிடும்."

"எங்க ஊர் மலைமேல. குளிர் தாங்குமா?"

"எந்தக் குளிரும் தாங்கும் சார்."

"எதையும் மறைக்கலையே?"

மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வேண்டுமானால் மண்வெட்டி தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் தோண்டிப் பாருங்கள் என்றான். பெரியவர் அவசரமாகத் தலையசைத்து மறுத்தார். நோட்டை மூடி, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ரொம்பத் திருப்தி தம்பி. கேள்விப்பட்டதைவிட நல்லாவே இருக்கு."

எவாசியோவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பாதாள அறைக்கு ஓடி, இருப்பதிலேயே நல்ல பார்பேராவாக இரண்டு புட்டி எடுத்தான். ஒன்றைப் பெரியவர் முன்னால் வைத்துவிட்டு, மற்றதோடு வாசலுக்கு வந்தான். அந்தப் பெண் முப்பத்தொன்பது ஆடுகளை வீட்டுக்குப் பின்னால் இருந்த வேலிக்குள் அடைத்துவிட்டு, நாற்பதாவதை வரப்பில் இழுத்து வந்துகொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் இலை.

புட்டியை அவள் கையில் திணித்தான். இன்ஸ்பெக்டருக்குத் திருப்தியாம், முத்திரை தப்பித்தது என்று சொல்லும்போது அவன் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான்.

அவள் ஆட்டுக் கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள்.

"முத்திரை தப்பிச்சது நிஜம்தாங்க, பிடுங்கிப் பாத்தேன், வேரெல்லாம் உயிரோடதான் இருக்கு, அறிக்கையிலயும் எழுதிட்டேன். உள்ள உக்காந்திருக்கிறவர் என்கிட்டதான் வழி கேட்டார், உங்க மாமியாரைப் பொண்ணு பாக்க வந்தவராம்."