மொட்டைக்குப் பின்னால் என்ன?

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொசுவுக்கு அடுத்தபடியாக எளிதில் கண்ணில் படும் உயிரினம் சினிமாச் செய்தியாளர். கொசுவுக்காவது நகராட்சி வந்து புகை அடிக்கிறது.

நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மாடியில் உள்ளூர்ப் படம் ஒன்றின் பத்திரிகையாளர் சந்திப்பு என்றால், அழைப்பிதழில் என்ன நேரம் போட்டிருந்தாலும் இலை போடும் நேரத்துக்கு வந்து, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகருக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் தன் பையை வைத்து, இயக்குநர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு, "படம் என்ன கதை பாஸ்?" என்று கேட்பாரே, அவரேதான். பதிலுக்கு அவர் காத்திருப்பதில்லை. அதற்குள் மீன் வறுவல் வந்துவிடும்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி நம் ஜீவன். வார இதழ் ஒன்றில் கோயில் திருவிழாச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். சினிமாப் பக்கம் பார்த்தவர் கோபித்துக்கொண்டு போனதால் அந்த நாற்காலி இவருக்குக் கிடைத்தது. பிறகு இதழே நின்றுபோனது. இவர் நிற்கவில்லை. முகநூலில் சொந்தப் பக்கம் ஒன்றைத் தொடங்கி, தானே நிருபர், தானே ஆசிரியர், தானே பாராட்டுக் கடிதம் எழுதும் வாசகர் என்று வளர்ந்தார். விமான நிலையத்தில் சென்னை நடிகர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அந்த நடிகரைப் பற்றிய எந்தச் செய்தியிலும் "அண்ணன் என்னிடம் மனம்விட்டுப் பேசியபோது" என்ற வரி தவறாமல் இருக்கும்.

அவருடைய தொழிலுக்கு முதலீடு இரண்டு. ஒன்று, 'நெருங்கிய வட்டாரம்'. பெரும்பாலும் அது யாராவது ஒப்பனைக்காரரின் மச்சான். அவரும் அகப்படாத நாளில் ஜீவனும் அவர் ஆற்றிக் குடிக்கும் தே தாரிக் டீயும் மட்டும். இன்னொன்று கேள்விக்குறி. 'பிரிந்தார்கள்' என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். 'பிரிந்தார்களா?' என்று எழுதினால் லைக் வரும். இவ்வளவு எளிமையான தொழிலை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

இனி ஷாமினியின் கதைக்கு வருவோம். ஷாமினி கிள்ளான்காரப் பெண். நாலைந்து பாடல்கள் பாடியிருக்கிறாள், ஆனால் சோறு போடுவது கல்யாண டின்னர்களில் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சி நடத்தும் வேலை. அம்மாவுக்கு இதய ஆபரேஷன். பிழைத்து எழுந்தால் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அம்மா எழுந்தார். தைப்பூசத்தன்று பத்துமலையில் மொட்டை போட்டுக்கொள்ள அவள் உட்கார்ந்தபோது பக்கத்து முக்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜீவனேதான். அவருக்கும் வேண்டுதல். முகநூல் பக்கத்துக்கு நீல நிறச் சரிக்குறி கிடைக்க வேண்டுமாம்.

"என்னம்மா ஷாமினி, வேண்டுதலா?"

"ஆமாண்ணே. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிச்சு."

"நல்லதும்மா. முருகன் பார்த்துக்குவாரு."

முருகன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தலையில் பூசிய சந்தனம் காயும் முன்னே ஜீவனின் பக்கத்தில் செய்தி வந்துவிட்டது: 'மொட்டைத் தலையுடன் ஷாமினி! கொடிய நோயா? நெருங்கிய வட்டாரம் கவலை.'

மறுநாள் செலாயாங்கிலிருந்து ஒரு மணப்பெண்ணின் தாயார் கூப்பிட்டார். "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா. நாங்க வேற எம்சி பார்த்துட்டோம். ஒடம்பப் பார்த்துக்குங்க லா." எனக்கு ஒன்றும் இல்லை ஆன்டி என்று ஷாமினி சொல்லச் சொல்ல, அந்த அம்மாவின் குரலில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. நோய்க்காரப் பெண்ணை மேடையில் நிற்க வைத்தால் நல்ல காரியத்துக்கு ஆகாது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்தடுத்துக் கூப்பிட்ட கல்யாண வீட்டார்களும் அதே இரக்கத்தோடுதான் பேசினார்கள். மாசி, பங்குனி முழுக்க ஷாமினிக்கு ஓய்வு கிடைத்தது. அம்மாவின் மருந்துக்கு ஓய்வு கிடையாது.

செய்தி வந்த இரண்டாம் வாரமே பங்சாரில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஜீவனைப் பிடித்தாள்.

"பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க. நான் சொன்னேன்லண்ணே?"

"நான் எங்கம்மா நோய்னு போட்டேன்? நோயான்னு கேட்டிருக்கேன். கொஸ்டின் மார்க் இருக்கு பாரு."

"அம்மா அதப் படிச்சிட்டு, என் நோவு ஒனக்கு வந்திருச்சான்னு அழுவுறாங்க. எடுத்திருங்கண்ணே."

"எப்படிம்மா எடுக்கிறது? நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. வேணும்னா மறுப்பு ஒண்ணு போடுறேன்."

ஷாமினி அவருடைய தலையைப் பார்த்தாள். அங்கே முடி இப்போதுதான் முள்முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கு என்ன நோய்ண்ணே?"

"சேச்சே, நமக்கு வேண்டுதல்மா" என்றார் ஜீவன், உண்மையாகவே மனம் புண்பட்டு.

சொன்னபடி மறுப்பும் போட்டார்: 'நோய் இல்லை என்கிறார் ஷாமினி. மறைப்பது ஏன்?' அது முதல் செய்தியைவிட நன்றாக ஓடியது.

இந்த மனிதரை நான்கு வார்த்தை திட்ட வேண்டும்போல் இருக்கிறதா? தாராளமாகத் திட்டுங்கள். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். அந்தச் செய்தி உங்கள் குடும்ப வாட்சப் குழுவுக்கு வந்தபோது உங்கள் வீட்டுக் கூடத்தில் எத்தனை மொட்டைத் தலைகள் உட்கார்ந்திருந்தன? தைப்பூச வாரத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி ஏன் முடி இறக்குவாள் என்று உங்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஆனாலும் 'உண்மையான்னு தெரியல, பாவம்' என்று ஒரு வரி சேர்த்து, கும்பிடும் கைகள் இரண்டையும் போட்டு, அக்கா வீட்டுக் குழுவுக்கும் பழைய பள்ளித் தோழர்கள் குழுவுக்கும் தள்ளிவிட்டீர்கள். செலாயாங் அம்மாவுக்கு அது ஜீவனிடமிருந்து போகவில்லை. அவருக்கு ஜீவன் யாரென்றே தெரியாது. உங்களை மாதிரி யாரோ நம்பிக்கையான ஒருவர்தான் அனுப்பியிருக்கிறார்.

ஜீவன் 'நெருங்கிய வட்டாரம்' என்று எழுதும்போதெல்லாம் சிரிப்பீர்களே, இனிமேல் கொஞ்சம் பார்த்துச் சிரியுங்கள்.