டுரியான், ரம்புத்தான், வாழைப்பழம்

பிள்ளைகளைத் தரம் பிரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பள்ளிக்கூடம் இருக்கும் ஊரிலெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கெட்டவர் இல்லை. மிகவும் நல்லவர். தொல்லையே அதுதான்.

எங்கள் ஜெலுத்தோங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இந்த இனத்துக்குப் பிரதிநிதி, மூன்றாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கும் சுகுமாரன் சார். 'ஒரே வகுப்பு, பல திறன்' என்று ஏதோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய், கழுத்தில் அட்டையும் கையில் தடித்த கோப்புமாகத் திரும்பியவர், மறுநாள் காலையே முப்பது பிள்ளைகளையும் மூன்று கூட்டமாகப் பிரித்து உட்கார வைத்தார். கெட்டிக்காரர்கள் டுரியான், நடுத்தரம் ரம்புத்தான், மிச்சம் வாழைப்பழம். பழத்தின் பெயரை வைத்தால் யாருக்கும் மனம் நோகாதாம். எந்தப் பழத்துக்கு எவ்வளவு மூளை என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று? நாளா! புத்தகப்பையை இறக்கி வைப்பதற்குள் தெரிந்துவிட்டது.

மணி பார்க்கும் பாடம். டுரியான்களுக்கு இருபது கணக்கு, ரம்புத்தான்களுக்குப் பத்து, வாழைப்பழங்களுக்கு வண்ணம் தீட்ட ஒரு கடிகாரப் படம். சார் மூன்று விதத் தாள்களைத் தயாரித்தார், வெட்டினார், ஒட்டினார், லேமினேட் செய்தார், படம் பிடித்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார், வந்து விழுந்த கட்டைவிரல்களைப் பார்த்துப் பூரித்தார். பிள்ளைகளிடம் பேசத்தான் நேரம் கிடைக்கவில்லை.

தேர்வு வந்தது. டுரியான்களில் முதல்வனான கோகுலன் சைபர் வாங்கினான். கூடவே இன்னும் ஆறு டுரியான்கள்.

"என்னடா ஆச்சு?" சார் பதறிப்போனார்.

"நல்லா செஞ்சா இன்னும் நெறைய கணக்கு குடுக்கிறீங்க, சார். வாழைப்பழத்துக்குப் போனா கலர் அடிக்கலாம்லா."

அதே வாரம், வாழைப்பழக் கூட்டத்துக் காமினியின் அம்மா ஜெகதீஸ்வரி, தொழிற்சாலைச் சீருடையோடு வந்து நின்றார்.

"சார், எம்பிள்ள மூணு மாசமா கடிகாரத்துக்குக் கலர் அடிக்குது. மணி என்னான்னு கேட்டா பச்சைன்னு சொல்லுது."

"அவங்க லெவலுக்கு ஏத்த மாதிரிதான் குடுக்கிறேன், அக்கா."

"சரி சார். அந்த லெவல்ல இன்னும் எத்தன நாளைக்கு உக்காந்திருக்கணும்?"

சார் அந்தத் தடித்த கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். மறுநாள் வகுப்பில், மூன்று மாதத்தில் முதல் முறையாகக் காமினியிடம் கேட்டார்: "உனக்கு எதும்மா புரியல?"

அவள் கேள்வியோடு தயாராகத்தான் இருந்தாள். "பெரிய முள்ளு மூணுல நிக்குது. நீங்க பதினஞ்சு நிமிசம்ங்கிறீங்க. ஏன் சார் பொய் சொல்றீங்க?"

சார் டுரியான்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படிச் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை இரண்டேகாலுக்குத் திருப்பித் தரையில் வைத்தார். முப்பது தலைகளும் சுற்றிக் கவிழ்ந்தன. கோடு கோடாக விரல் வைத்து எண்ணினார்கள். ஒன்றுக்கு ஐந்து, இரண்டுக்குப் பத்து. அதற்குள் காமினி துள்ளி எழுந்துவிட்டாள். "பதினஞ்சு! கோட்டத்தான் எண்ணணும், நம்பர இல்ல!"

"அப்ப சின்ன முள்ளு ஏன் சார் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது?" என்றான் கோகுலன். பாடவேளை முடிந்து மணி அடித்தும் யாரும் எழவில்லை.

சார் அன்று உள்ளம் குளிர்ந்தார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுவாரம், கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கென்று நான்காவதாக ஒரு கூட்டம் போட்டார். மங்குஸ்தீன்.

காமினி மட்டும் இடம் மாற மறுத்துவிட்டாள். "இங்கேருந்தே கேக்கிறேன், சார்."

நாம் ஆசிரியர் இல்லையே என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தீபாவளிக்கு வந்த விருந்தாளியிடம், "பெரியவ ரொம்ப கெட்டிக்காரி, சின்னவன்தான், என்னத்தச் சொல்ல, கொஞ்சம் சுமார்" என்று பிள்ளைகளை அறிமுகம் செய்து வைத்தது யார்? சின்னவன் பக்கத்தில்தான் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.