குருநகர் யாகப்பர் கோட்டு மறுத்த படலம்

வாழ்க யாகப்பர்! சோளகக் காற்றும் வாடைக் காற்றும் மாறிமாறி அறைந்தும் சுருங்காத முகத்தினர். ஐம்பத்தாறு ஆண்டு உப்பில் ஊறிய தோளினர். இடிக்கு அஞ்சாதவர், பேரலைக்கு அஞ்சாதவர், வலையை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்த சுறாவை வாயாலே வைது கரையேற்றியவர் என்று குருநகர்க் கரையெங்கும் புகழப்படுபவர். வானத்தின் கீழும் கடலின் மேலும் உள்ள பொருள்களுள் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நடுங்குபவர். அத்தகைய யாகப்பர் வாழ்க, அவர் வள்ளம் வாழ்க, அவர் சாரம் இடுப்பில் நிலைத்து வாழ்க! அவர் நடுங்கிய அந்தப் பொருள் கோட்டு.

ஊசியே, துணை நில்! நூலே, பாதியில் அறாதே! உண்மை பிசகாமல் இப்போரைப் பாட எனக்கு அருள் செய். அங்கங்கே கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் கண்டுகொள்ளாதே. காவியம் எழுதுகிறவனுக்கு அந்த அளவுக்காவது சலுகை வேண்டும்.

பகையின் வேரை முதலில் சொல்வேன். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், யாகப்பர் மணமகனாய்ப் பீடத்தின்முன் முழந்தாளிட்ட அந்த மங்கலப் பொழுதில், ஒல்லியான மச்சானிடம் இரவல் வாங்கிய கோட்டானது, அகன்ற அவர் முதுகைத் தாங்கும் வலியின்றி, கழுத்திலிருந்து இடுப்புவரை, ஊரே கேட்க, ‘சர்’ரென்று கிழிந்தது. பாடகர் குழு பாட்டை விட்டது. பூசைக்கு உதவியவர் மணியை விட்டார். சுவாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். முன்வரிசை வாங்கு முதல் கடைவரிசை வாங்கு வரை சிரிப்பு அலை அலையாய் ஓடியது. அன்று தொட்டு அவருக்கு ஊரிட்ட பட்டம் ‘கிழிஞ்ச கோட்டு’. அன்றே அவர் செய்த சபதம் கடற்கரை முழுதும் அறியும்.

“செத்தாப் பிறகும் என்ரை உடம்பிலை கோட்டு ஏறக்கூடாது.”

சபதம் இருபத்தெட்டு ஆண்டு அசையாமல் நின்றது. இப்போது அவருடைய ஒரே மகள் லவீனாவுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை பெண்ணின் தகப்பன் மகளின் கைபிடித்து நடந்து, அவளை மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கோட்டும் களிசானும் சப்பாத்தும் வேண்டும் என்பது எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறத் துணியாத சட்டம். மாப்பிள்ளையின் தகப்பன் சூசைதாசன் கருநீலக் கோட்டுத் தைத்து முடித்துவிட்டார் என்ற செய்தி வேறு வந்து சேர்ந்தது. யாகப்பர் சோற்றுக் கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு இரண்டாம் பிரகடனம் செய்தார்.

“கோட்டோடைதான் நடக்கவேணுமெண்டால், பிள்ளையை ஜெறோம் கூட்டிக்கொண்டு போகட்டும்.”

ஜெறோம் லவீனாவின் தாய்மாமன். நல்ல மனிதர், கோட்டுக்கும் பொருத்தமான உடம்பு. ஆனால் இதைக் கேட்ட லவீனா பாதிச் சோற்றில் எழுந்து உள்ளே போனாள். இரண்டு நாள் தகப்பனோடு கதைக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து அந்த நடையை நடக்க யாகப்பருக்குக் கொள்ளை ஆசை. ஊர் மறுபடி சிரிக்குமே என்ற பயம் அந்த ஆசையைவிடப் பெரிதாக இருந்தது.

இனிப் புகுவாள் சிசிலியா! யாகப்பரின் இல்லாள், சொல்லெனும் கணை தீர்ந்தாலும் பார்வையெனும் கணை தீராத தூணியினள், கையிலே கைபேசி, கைபேசிக்குள்ளே புதிதாய் இறக்கிய செயலி, செயலிக்குள்ளே செயற்கை நுண்ணறிவு என்னும் ஊசியில்லா நூலில்லாத் தையற்காரன்! ஆளின் படம் ஒன்று, உடுப்பின் படம் ஒன்று, இரண்டையும் காட்டினால் போதும்; இமைக்குமுன் அந்த ஆள் அந்த உடுப்போடு நிற்பார். இந்தப் படைக்கலத்தால் அவள் முன்னரே பெற்ற வெற்றிகள் பல. கனடாப் பார்சலில் வந்த ஆறு சேலையையும் மடிப்புக் கலைக்காமலே தன்மேல் உடுத்திப் பார்த்து, நான்கைத் தள்ளிவைத்தாள். தோழிப் பெண்களுக்குக் கிளிப்பச்சைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்ற பக்கத்து வீட்டு றோசுக்கு, கிளிப்பச்சையில் றோசையே காட்டினாள். றோஸ் மறுபேச்சின்றி வீட்டுக்குப் போனாள். அலுப்பு வந்த வேளையில் ஜெறோமுக்குப் பொலிஸ் உடுப்பும், வீட்டு நாய்க்குக் கவுனும் போட்டுப் பார்த்தாள். நாய்க்குப் பொருந்திய அளவு ஜெறோமுக்குப் பொருந்தவில்லை.

அவளுடைய போர்த்தந்திரம் எளிது. கோட்டணிந்த தன்னைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டால் மனிசன் மசிவார் என்பது. ஆனால் முழு உருவம் தெரியும் படம் வேண்டுமென்று செயலி கேட்டது. யாகப்பரோ தலையிலிருந்து கால்வரை கமராவுக்கு நின்றது, கலியாணம் போக, வாழ்நாளில் ஒரே ஒருமுறை. தன் உயரத்துக்கு ஓர் அறக்குளா மீன் பிடித்த அன்று, அதை நட்டமாய்த் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வேறு வழியில்லாமல் சிசிலியா அந்தப் படத்தையே ஏவினாள்.

என் சொல்வேன் அந்த மாயத்தை! தையற்காரன் இருவரையும் நிதானித்துப் பார்த்தான். எவர் கனவான் என்று தனக்குள் தீர்ப்புச் செய்தான். கருங்கோட்டையும் வெண்சட்டையையும் கழுத்தில்லாத இடத்தில் கழுத்துப்பட்டியையும் அறக்குளாவுக்கு அணிவித்தான். யாகப்பர் பக்கத்திலே பழைய சாரத்தோடு, மீனின் வேலைக்காரர் மாதிரி நின்றார். சிசிலியா சிரித்த சிரிப்பில் விரல் எங்கோ பட, படம் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. மொன்றியலில் இருந்த மைத்துனர் உடனே மறுமொழி போட்டார்: “மாப்பிள்ளை நல்ல வடிவு. என்ன வேலை?”

இதைக் கண்ட யாகப்பர் கொதித்தார். இனித் தன் நிழலைக்கூட எவரும் படமெடுக்க விடுவதில்லை என்று கங்கணம் கட்டினார். தொடங்கியது மூன்று நாட் பெரும்போர்! சிசிலியா அடுக்களையிலிருந்து பாய்ந்தால் யாகப்பர் வலைக் குவியலுக்குள் புதைந்தார்; கிணற்றடியில் மறிக்க, துவாயை விரித்துத் தலைமுதல் மூடினார்; படலை வாசலில் வளைக்க, வெயிலுமில்லை மழையுமில்லை, குடையை விரித்துக் கேடயமாக்கினார். வீட்டுக்குள்ளேயே நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தார். மூன்று நாள் முடிவில் சிசிலியாவிடம் சேர்ந்தவை ஒரு குதிக்கால், இரண்டு குடை, பாதிக் காது. எந்தத் தையற்காரனும் காதுக்குக் கோட்டுத் தைக்க மாட்டான்.

நாலாம் நாள், நண்பகல். கேட்டவர் மன்னிப்பாராக, இனி நான் சொல்லப்போவது போரறம் பிறழ்ந்த செயல். யாகப்பர் வீட்டு வளவில் குந்தியிருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். கோயிலில் மத்தியான மணி அடித்தது. கடலில் நின்றாலும் கரையில் நின்றாலும் அந்த மணி கேட்டால் எழுந்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு, கைகூப்பி நின்று திரிகாலச் செபம் சொல்லி முடிக்கும்வரை அவர் அசையமாட்டார்; புயலிலும் இந்த வழக்கம் தப்பியதில்லை. இதை நன்கறிந்த சிசிலியா, தானும் செபிக்க வேண்டிய அந்தப் புனித வேளையில், மாமரத்தின் பின்னிருந்து வெளிப்பட்டு நேருக்கு நேர் வந்து கைபேசியை உயர்த்தினாள். யாகப்பர் கண்டார். ஓட முடியவில்லை. அவருடைய உதடு மரியாயை வாழ்த்தியது. கண் மனைவியை வைதது. பதினொரு படம் எடுத்தாள். வந்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னாள். சுவாமியார் என்ன தண்டனை கொடுத்தார் என்பது முக்காலமும் அறிந்த எனக்கே தெரியாது.

படம் வந்தது. கூப்பிய கையோடு, கருநீலக் கோட்டில், தேர்தலுக்கு வாக்குக் கேட்க வந்தவர் மாதிரி யாகப்பர் நின்றார். தையற்காரன் அவருடைய வயிற்றில் அரைவாசியைத் தன்பாட்டில் வெட்டி எறிந்திருந்தான். செபம் முடித்துக் கைபேசியைப் பறிக்க வந்தவர், பறித்தவர், திருப்பிக் கொடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். ஆள் வடிவாய்த்தான் இருக்கிறான் என்று நினைத்தார். அந்த நினைப்பு முகத்தில் தெரிந்தது. பிறகு முகம் மறுபடி சுருங்கியது.

“உது முன்பக்கம். ஊர் முன்பக்கத்தைப் பாத்துச் சிரிக்கேல்லை.”

இருபத்தெட்டு ஆண்டாய்ப் பிடிவாதம் என்று சிசிலியா வைது வந்தது வெட்கம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளுக்குப் பாவமாக இருந்தது. கைபேசியை வாங்கி, அவரைத் திருப்பி நிறுத்தி முதுகைப் படமெடுத்தாள். கோட்டணிந்த முதுகு வந்தது, ஒரு சுருக்கமில்லை. முழந்தாளிட்டும் பார்க்கவேண்டும் என்றார் அவர். கடல் வென்ற வீரர் கதிரையொன்றைப் பீடமாகப் பாவித்து, நட்டநடு வளவில், கோழிகள் சூழ முழந்தாளிட்டார். அவள் பின்னால் குனிந்து எடுத்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்த லவீனா, சிரிக்கவா அழவா என்று தெரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

அந்தப் படத்திலும் கோட்டு கிழியவில்லை. யாகப்பர் ஈரவிரலால் படத்தைப் பெருப்பித்து, வலையில் அறுந்த கண் தேடுவதுபோல முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து இடுப்புவரை தேடினார். பின் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். படத்துத் துணி எந்தக் காலத்திலும் கிழியாது என்பது அவருக்கும் தெரியும். வாழ்நாளில் பாதியைக் கிழிந்ததைப் பொத்திக் கழித்தவரிடம் அந்த மாயத் தையற்காரனின் வித்தை அதற்குமேல் எடுபடவில்லை. இங்கே வீழ்ந்தது செயலி. போர்க்களத்தில் சிசிலியா மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

“அண்டைக்கு நானும் சிரிச்சனான்தான், முக்காட்டுக்குள்ளை,” என்றாள். “இந்தமுறை உங்களுக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு நான் வாறன். கிழிஞ்சாலும் எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

சபதம் சரிந்தது, இருபத்தெட்டாண்டுக் கொத்தளம் கல் கல்லாய்ப் பெயர்ந்தது, கதவடியில் நின்ற மகளை நோக்கி அவர் தலை ஒருமுறை அசைந்தது, அவள் ஓடிவந்து அவருடைய உப்புக் கையைப் பிடித்துக்கொண்டாள். விண்ணவர் பூமாரி பொழிந்தார்களா என்று நான் அண்ணாந்து பார்த்தேன், காகம்தான் போயிற்று.

மறுநாள் தையற்கடைக்குப் போய், முதுகில் இரண்டு அங்குலம் கூட வைத்து ஒரு கோட்டுத் தைக்கக் கொடுத்தார்கள்.