வாத்தின் வயிற்றில் என் கைவரிசை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும், ஒரு வாரத்துக்கு எங்களை நம்பி நீங்கள் விட்டுப்போன குட்டிமகளும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பாடும் வாத்துப் பொம்மை மேசையிலிருந்து விழுந்துவிட்டது என்று போனில் சொன்னேனே, அது பச்சைப் பொய். அதன் வயிற்றைத் திறந்தவன் நான்தான். நூலகத்தில் ‘சத்தம் போடாதீர்கள்’ பலகைக்குக் கீழே இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிற நான், பொம்மைக்குள் ஒயரை இடம் மாற்றி வைத்து விசித்திரச் சத்தங்கள் வரவழைக்கிற வித்தையை வீடியோவில் பார்த்தேன். பார்த்த கை சும்மா இருக்குமா? முதலில் பொம்மை டெலிபோன் ஊமையானது, பிறகு பொம்மை ரயில். வாத்தின் பாட்டைக் கேட்காமல் பிள்ளை ஒரு வாய் சாப்பிட மாட்டாள் என்று தங்கச்சி நாலு தடவை சொல்லிவிட்டுப் போனது தெரிந்தும், மூன்றாவதாக அதையே மல்லாக்கப் போட்டேன். நாலு திருகாணியில் ஒன்று உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. கண்ணாடியை நூலகத்தில் மறந்துவிட்டதால் குத்துமதிப்பாக ஈயத்தை உருக்கி இரண்டு ஒயரைப் பற்றவைத்தேன்.

“என்னங்க, எதைத் தீய்ச்சீங்க?” என்று அடுப்படியிலிருந்து குரல்.

“கலை!”

“கலைக்கு ஜன்னலைத் தொறந்து வைங்க.”

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு முன்னால் குழந்தை வாத்தை அமுக்கினாள். பாட்டு இனிமையாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் யாரோ கிணற்றுக்குள் படிப்படியாக இறங்குகிற மாதிரி குரல் தடித்துக்கொண்டே போய், எருமையாக உறுமி, ஒரு தும்மல் போட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து கிளம்பியது. குழந்தையின் உதடு பிதுங்கியது. தொலைந்தேன், தங்கச்சி என்னை உரித்துவிடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“மாமா, வாத்து தாத்தாவாயிடுச்சு!”

சிரிக்கத் திறந்த குழந்தையின் வாயில் என் வீட்டுக்காரி ஒரு கரண்டிச் சோற்றைத் திணித்தாள். அப்புறம் வாய்க்கு ஒரு உறுமல், தட்டு காலி. கீழ்வீட்டு டெய்லர், “யாருக்காச்சும் உடம்பு முடியலியா சார்?” என்று பதறி மேலே ஓடி வந்தவர், வாத்தின் உறுமலை மூன்று தடவை கேட்டுவிட்டு, “என் மெஷினுக்கும் இந்த மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?” என்று கெஞ்சினார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பாராட்டாதவள் “பரவாயில்லையே” என்றாள். அதைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை நூலகத்தில் குழந்தைகளுக்கு எதிரில் செய்து காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்று ஒருநாள் மட்டும் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க மேலதிகாரிக்கும் சம்மதம்.

தங்கச்சிக்கு என் ஆசிகள். இப்படி ஒரு விஞ்ஞானி மச்சானாக வாய்த்ததற்கு உங்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வாத்து அடியோடு நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், நான் பற்றவைத்த இரண்டு ஒயரும் எதிலும் ஒட்டாமல் சும்மா கிடக்கின்றன. என் வீட்டுக்காரி புது பேட்டரி போட்டாள். பழையபடி தேனாகப் பாடுகிறது. குழந்தை தட்டைத் தள்ளிவிட்டாள். தீரும் தறுவாயிலுள்ள பேட்டரி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் உடனே அனுப்பவும். சனிக்கிழமைக்கு எனக்கு இரண்டு தனியாக.