ஏன் டொக்டரும் படுத்தே கிடந்த மனிதரும்

வன்னியில் மாட்டின் நெஞ்சிலும் குழாய் வைத்துக் கேட்ட ஒரே இதய வைத்தியர் எங்கள் ‘ஏன் டொக்டர்’தான்.

அவருடைய கிளினிக்கில் நான் தாதி. இதயத்துக்குள் வளரும் ஓர் அபூர்வக் கட்டியைப் பற்றி அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அநேக வைத்தியர்கள் வாழ்நாளில் காணாத கட்டி அது. அதைத் தேடித்தேடியே எதைக் கண்டாலும் ‘ஏன்’ கேட்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும். கிளினிக் வான் சாரதி, “ரயர் காத்துப் போயிட்டுது” என்றால், “ஏன் இடப்பக்கம் மட்டும்?” என்பார்.

மல்லாவியில் நடமாடும் கிளினிக் நடத்தியபோது, மர நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மாட்டிடம் போய்விட்டார்.

“டொக்டர், அது வெயிலுக்கு இளைக்குது” என்றார் மாட்டுக்காரர்.

“பக்கத்தில நிக்கிறது இளைக்கேல்லையே, ஏன்?”

பதிலை மாடே காலால் சொன்னது. டொக்டர் ஒரு கிழமை முழுக்க நொண்டினார்.

அந்தக் கிழமைதான் வட்டக்கச்சியிலிருந்து தவமக்கா தன் கணவரை இழுத்துவந்தார்.

“இவருக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை டொக்டர், பஞ்சிதான், சரியான சோம்பேறி. எழும்பி இருந்தா மூச்சு முட்டுதாம். வயலுக்குப் போகச் சொன்னா தலை சுத்துதாம். படுத்தா மட்டும் சுகமாம்.”

“ஓம், உண்மைதான்” என்றார் கணவர் சாதுவாக.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவதுதான் இதய நோயாளிகளின் வழக்கம். இவருக்கு எல்லாம் தலைகீழ்.

“ஏன்?” என்றார் டொக்டர், தனக்குத்தானே.

மனிதரை இருத்தி நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். படுக்கவைத்துக் கேட்டார். இடம் சரித்து, வலம் சரித்து, நொண்டிக் காலோடு கட்டிலடியில் முழங்காலிட்டும் கேட்டார்.

“டொக்டர், நான் வீட்ட போய்ப் படுக்கட்டோ?” என்றார் மனிதர், களைத்துப்போய்.

பிறகு ஸ்கான் திரையில் கண்டோம். இதயத்தின் மேலறையில், காம்பில் தொங்கும் காய்போல ஒரு கட்டி துடிப்புக்குத் துடிப்பு ஆடியது. அவர் எழுந்து இருந்தால் அது சரிந்து, இரத்தம் போகும் வாசலை அடைத்தது.

டொக்டர் திரையைத் தவமக்கா பக்கம் திருப்பினார். “அக்கா, இவருக்குப் பஞ்சி இல்லை. இது வாசலில வந்து குந்துது. கெதியா எடுக்க வேணும். விட்டா ஒருநாள் ஒரேயடியா அடைச்சுப்போடும்.”

தவமக்கா கணவரின் பாதத்தைத் தடவிக்கொண்டே நின்றார். “இவரை எவ்வளவு ஏசிப்போட்டன்” என்றார் கடைசியில்.

சத்திரசிகிச்சை கொழும்பில். டொக்டர் லீவு போட்டுவிட்டு அம்புலன்சிலேயே கூடப் போனார். சத்திரசிகிச்சை நடந்த நாள் முழுக்க எங்கள் கிளினிக்கில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. பின்னேரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “எடுத்தாச்சு. புற்றுநோய் இல்லை.”

மனிதர் சில மாதங்களில் உழவு இயந்திரத்தில் ஏறினார். அவருடைய நோயைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுத டொக்டர் அனுமதி கேட்டார்.

“தாராளமா எழுதுங்கோ” என்றார் அவர். “ஆனா மனிசி பஞ்சியெண்டு சொன்னதைப் போடவேண்டாம்.”

டொக்டர் மாற்றலாகித் தெற்கே போய் இப்போது கனகாலம். போன ஞாயிறு அழைத்தார். சாப்பிட்டேனா என்று மட்டும் விசாரித்தார். ஏன் அழைத்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை. போனை வைக்க இருவருக்கும் மனமும் இல்லை.