கம்ப்ரசர் ரூமில் ஒரு லீக்

"கம்ப்ரசர் ரூம்ல விசில் சத்தம் கேட்குது. லீக்கா இருக்கும், பாருங்க," என்று புது மேனேஜர் சொன்னதும் ஃபிட்டர் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

லீக்காவது மண்ணாங்கட்டியாவது. அது அவருடைய புல்லாங்குழல். ஆலை முழுக்கக் காற்றை அழுத்தி அனுப்பும் அந்த மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் ஊதுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இந்தக் கூத்துதான். வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடிப்பார். இங்கேயோ பிஸ்டன் 'தடக் தடக்' என்று தாளமே போட்டுக் கொடுக்கும். மாட்டினால் இந்த இடமும் போச்சு.

"வால்வு தேஞ்சிருக்கு சார்," என்று அளந்துவிட்டு, நன்றாக இருந்த வால்வைக் கழற்றிப் புதுசு போட்டார்.

கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் ஊதினார்.

"லீக் இன்னும் இருக்கே! முன்னைவிடக் கொஞ்சம் சோகமா கேட்குது."

"அப்போ பைப்புதான் சார்!"

பைப்பை மாற்றினார்கள். வெல்டர் தலையைச் சொறிந்தான். "அண்ணே, பழசு கல்லாட்டம் இருக்கே?"

"உள்ளே அரிச்சிருக்குடா. வேலையைப் பாரு."

வீட்டில் மனைவி கேட்டாள்: "ஊதாமத்தான் இருந்து தொலையேன்?"

"மூச்சு விடாம இருன்னு சொல்லு, முயற்சி பண்றேன்."

மறுநாள் குழலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஊதினார்.

"லீக்குக்குச் சளி பிடிச்சிருச்சு போல," என்றார் மேனேஜர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நம்மால ஆகாது. நாளைக்கு வெளியேயிருந்து ஒருத்தர் வர்றார். சாப்பாட்டு நேரத்துல மெஷினை நிறுத்திடுங்க. அப்பத்தான் தெளிவாக் கேட்கும்."

ஃபிட்டர் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தார். வருகிறவன் கழற்றிப் போட்ட நல்ல பைப்பைப் பார்த்தால் வெல்டர் தலையும் சேர்ந்து உருளுமே! குழலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தார். வாசலில் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா மறித்தாள்.

"எங்கண்ணே, பேயறைஞ்ச மாதிரி?"

"உண்மையைச் சொல்லிடப் போறேம்மா. நாளைக்கு அந்த ஆளு மெஷினைப் பிரிச்சா என் மானம் கப்பலேறிடும்."

"அட போங்கண்ணே, வர்றவரு மேனேஜரோட மச்சான், அவரு தபேலா வைக்கத்தான் கம்ப்ரசர் ரூமைத் துடைச்சு வைக்கச் சொல்லியிருக்காரு!"